அவருக்கு வந்தது வெள்ளைப் பூ

பதினான்கு வருடங்களாக என் மேசை இழுப்பறையின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. அதன் மேல் என் கையெழுத்தில் பதினேழு என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஒரு நந்தியாவட்டைப் பூ. வீட்டை வெள்ளையடிக்கும்போதெல்லாம் இழுப்பறையைக் காலி செய்வேன், பழைய ரசீதுகளைக் கிழித்துப் போடுவேன், இந்தப் பொட்டலத்தை மட்டும் மறுபடியும் அடியில் வைத்துவிடுவேன். எதற்காக வைத்திருக்கிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பித்தவன். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது, சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆய்வாவது என் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அதில் தவறில்லை. தூக்கம் வராத பெண்களுக்கு மூச்சைச் சீராக்கி, உடம்பை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்தும் பயிற்சி கொடுத்தால் தூக்கம் கூடுமா என்று பார்ப்பதென்று முடிவு செய்தேன். பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தன. அவர்கள் கூடும் கட்டடத்தில் காலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். பயிற்சி நாற்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம் என்றால் அவர்கள் நடுவில் விட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை வைத்தேன்.

சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று வேடிக்கையாகச் சொல்வோம். என் தொழிலில் அது வேடிக்கை இல்லை. பயிற்சி எடுத்தவர் நன்றாகத் தூங்கினால், அது பயிற்சியால் வந்ததா, தானாக வந்ததா, யாரோ ஒருவர் அக்கறையாக விசாரித்ததால் வந்ததா என்று தெரிய வேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்காத இன்னொரு குழு வேண்டும். கட்டுப்பாட்டுக் குழு என்று புத்தகத்தில் இருக்கும். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதில் ஆராய்ச்சியாளரின் விருப்பம் நுழையவே கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாக அமைய வேண்டும். முப்பது வருடம் இதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் இதை எனக்குத் தெரிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். இருபது பேருக்கு இப்போது பயிற்சி, மற்ற இருபது பேர் வாரம் ஒரு முறை வந்து, தூங்கிய நேரத்தை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும், மண்டலம் முடிந்ததும் அவர்களுக்குப் பயிற்சி. யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்றேன்.

குழுத் தலைவி பெரிய குரல்காரர். "சீட்டு இன்னாத்துக்கு சார்? பூ கட்டிப் போட்டுடலாம். அம்மன் கோயில் பக்கத்துலதான் இருக்குது" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணம், நிலம், அறுவைச் சிகிச்சை என்று எதிலும் மனம் இரண்டுபட்டால், வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுத்த பிறகு பேச்சே கிடையாது. சாமி சொன்னதற்கு மேல் யார் பேசுவது?

எனக்கு அது வெறும் பூ. நாற்பது பொட்டலம், இருபது வெள்ளை, இருபது சிவப்பு, கண்ணுக்குத் தெரியாமல் எடுக்கிறார்கள், வெள்ளைக்கு இப்போதே பயிற்சி, சிவப்புக்குப் பிறகு. குலுக்கலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது என்று மகிழ்ந்தேன். அவர்களுக்கு அது என்ன என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். இந்த மாதிரி ஆய்வுகளில் பயிற்சி கிடைக்காத குழுவில் பாதிப் பேர் நடுவில் நின்றுவிடுவார்கள், 'எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை' என்று கேட்பார்கள். அம்மன் சொன்னாள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். அப்படித்தான் நடந்தது. கடைசிவரை ஒருவர்கூட நிற்கவில்லை. சக ஆசிரியர்கள் அதை ஓர் அதிசயமாகப் பேசியபோது, கிராமத்து மக்களோடு எனக்கிருந்த நெருக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

இது முதல் குற்றம். இரண்டாவது இதைவிடப் பெரியது.

பூ எடுப்பதற்கு முந்தைய வாரம் நாற்பது பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்விகள் கேட்டு, தூக்கமின்மையின் கடுமைக்கு மதிப்பெண் போட்டேன். பதினேழாவதாக வந்தவர் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருந்தவர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் தூக்கம். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரு போனதுல இருந்து சார். ஆஸ்பத்திரில பதினோரு நாள் கூடவே இருந்தேன். கண்ணு மூடல. பன்னெண்டாம் நாளு மதியம் ஒரு அரை மணி நேரம் அசந்துட்டேன், செவுத்துல சாஞ்சிக்கினு. முழிச்சுப் பாக்கறேன், நர்சு நிக்குது. தண்ணி கேட்டாராம். பக்கத்துக் கட்டிலு ஆளு சொன்னாரு. தண்ணி கேட்டிருக்காரு சார், நான் தூங்கிக்கினு இருந்திருக்கேன்."

அதை அப்படியே படிவத்தில் எழுதினேன். 'கணவர் இறந்தபோது தூங்கியதால் குற்ற உணர்வு' என்று ஓரத்தில் குறித்தேன். குறிப்பெடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

பூ எடுத்த நாளில் ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எடுத்ததை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், அவரவர் எண்ணை மேலே எழுதிக்கொள்வேன், கல்லூரி அறையில் பிரித்துப் பட்டியல் போட்டு மறுநாள் வாசிப்பேன். அங்கேயே பிரித்தால் கூச்சல் வரும் என்று நினைத்தேன். தலைவி மட்டும் முகம் சுளித்தார்.

"பிரிக்காம எப்பிடி சார்? எடுத்த எடத்துலயே பாக்கணும்."

"விடுக்கா" என்றார் இட்லிக் கடைக்காரர். "சார்தானே. நம்ம பாத்தா இன்னா, அவரு பாத்தா இன்னா. பூ நெறம் மாறிடுமா?"

அன்று மாலை என் அறையில் நாற்பது பொட்டலங்களையும் பிரித்தேன். பதினேழில் வெள்ளை. பட்டியல் போட்டு இரண்டு குழுக்களின் மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. தூக்கமின்மை கடுமையாக இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பக்கம் விழுந்திருந்தார்கள். அதிலும் பதினேழின் மதிப்பெண் மற்ற எல்லாரையும் விட்டு எங்கோ தனியாக நின்றது. தொடக்கத்திலேயே இரண்டு குழுக்களும் சமமாக இல்லையென்றால் கட்டுரையைப் படிப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒரே அளவு கடுமை உள்ளவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, பிறகு பூ போட்டிருக்க வேண்டும். என் மாணவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் திட்டியிருப்பேன். மறுபடி பூ போடவும் முடியாது. அம்மனிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க அந்தப் பெண்கள் ஒப்ப மாட்டார்கள்.

உள்ளதை உள்ளபடி எழுதி, சமமில்லை என்று ஒத்துக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்திருக்கலாம். நேர்மையானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் பதினேழை எடுத்துச் சிவப்புப் பட்டியலில் எழுதினேன். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சிவப்பு வந்திருந்தது, தூக்கமின்மையும் சொற்பம். அந்தப் பெண்ணின் பெயரை வெள்ளைப் பட்டியலுக்குக் கொண்டுபோனேன். இரண்டு சராசரிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பட்டியலை வாசித்தேன். சிவப்பு என்று தன் பெயர் வந்ததும் இட்லிக் கடைக்காரர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த சேதியை உறுதி செய்துகொண்டவர்போல் மெல்லத் தலையாட்டினார்.

பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து நின்றார். "சார், நான் அக்காவுக்கு விட்டுக் குடுக்கறேன். எனக்கு இன்னா, படுத்தா ஒரு மணி நேரம் லேட்டா தூங்குவேன், அவ்ளோதான். அக்காதான் சார் பாவம்."

ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் 'சரிம்மா' என்று சொல்லியிருந்தால், நான் திருடிய பூ உரியவரிடமே திரும்பிப் போயிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"மாத்தக் கூடாதும்மா" என்றேன். "ஆராய்ச்சி கெட்டுடும்."

"சார் சொல்றது கரெக்டுடீ" என்று இட்லிக் கடைக்காரரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அம்மன் குடுத்தத மனுஷன் மாத்தலாமா? அன்னைக்குத் தூங்கினேன் இல்ல. போதும்னு சொல்லிட்டா."

அவர் எதைச் சொல்கிறார் என்று அந்த அறையில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் படிவத்தின் ஓரத்திலேயே இருந்தது. நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

நாற்பத்தெட்டு நாளும் வெள்ளைக் குழு பாயோடு வந்து படுத்து, நான் ஒன்று இரண்டு என்று எண்ண எண்ண மூச்சுப் பயிற்சி செய்தது. சிவப்புக் குழு வெள்ளிக்கிழமைகளில் நோட்டோடு வந்தது. இட்லிக் கடைக்காரரின் நோட்டில் ஒன்று, ஒன்று, முக்கால், ஒன்றரை என்று தூங்கிய மணிகள் வரிசையாக இருக்கும். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தூங்காத கணக்கை அவ்வளவு சுத்தமாக எழுதித் தந்தவர் வேறு யாரும் இல்லை. மண்டலம் முடிந்தது. கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய நாள். பயிற்சியின் பலன் நிலைத்திருக்கிறதா என்று பார்க்க, இன்னும் மூன்று மாதம் இரண்டு குழுக்களையும் அப்படியே வைத்திருந்தால் கட்டுரை கனமாகும் என்று தோன்றியது. வைத்தேன். அந்த மூன்று மாதமும் கழித்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன்போல் சிவப்புக் குழுவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர் வரவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "எனக்கு வேணாம் சார். கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. ரெண்டாவது தபா கேக்கறது மரியாத இல்ல" என்றார். இரண்டு இட்லியும் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். கட்டுரையை அச்சுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்த நேரம் அது.

அது வெளியானது. குழுக்கள் தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டன என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த ஆய்வைக் காட்டித்தான் ஓய்வு பெறும்வரை மாணவர்களுக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன்.

போன வருடம் மத்தியப் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தி வணக்கம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்தான். தலை நரைத்திருந்தது.

"உங்க புண்ணியத்துல படுத்தா அடுத்த நிமிஷம் தூக்கம் சார். எங்க வூட்டுக்காரு கொறட்ட தாங்கலன்னு வெளிய போய் படுக்கறாரு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காதான் அப்பிடியே இருக்குது. டாக்டரு மாத்திர எழுதிக் குடுத்தாரு. அதையும் போட மாட்டேங்குது. அம்மன் குடுக்காதத மாத்திர குடுக்குமான்னு கேக்குது. ஊருல சிலது, சாமி கைவிட்ட பொம்பளன்னுகூட பேசுதுங்க."

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் எங்கே போவதற்காக அங்கே வந்தேன் என்பது மறந்துபோய் வீட்டுக்குத் திரும்பினேன்.

முதலில் கட்டுரை வெளியான இதழுக்கு எழுதினேன். அது எளிதாக இருந்தது. கடிதம் திரும்பி வந்துவிட்டது. விசாரித்தபோது அந்த இதழ் நின்றே சில வருடங்கள் ஆகிவிட்டதாகத் தெரிந்தது. நான் செய்த தவறைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சமிருந்தார். அவரிடம் போகப் பத்து மாதம் பிடித்தது.

நான் போனபோது கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "சார்! எத்தினி வருஷம் ஆச்சு, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம் இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. உட்கார்ந்ததும் அந்தச் சத்தத்தின் நடுவிலேயே வேகமாகச் சொல்லி முடித்தேன். சத்தம் எனக்கு வசதியாக இருந்தது.

அவர் கிரைண்டரை நிறுத்தினார். "இப்ப சொல்லுங்க" என்றார்.

மறுபடி சொன்னேன். இந்த முறை மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கு வந்தது வெள்ளை. நான்தான் சிவப்பில் எழுதினேன். என் கணக்கு ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரித்தார். உள்ளே கொஞ்சம் பழுப்புத் தூள் இருந்தது.

"இதுல நெறம் எங்க சார் இருக்குது?"

"இல்லை. காஞ்சு போச்சு."

"அப்ப உங்க வார்த்ததான்."

"ஆமாம்."

"எனக்குத் தூக்கம் வரட்டும்னு இப்பிடி ஒரு கத கட்டிக்கினு வந்திருக்கீங்களா? படிச்சவங்க அது மாதிரியெல்லாம் செய்வீங்க."

இல்லை என்றேன். வேறு எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. அவர் தூளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். கிரைண்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம குழுக் கூட்டம் இருக்குது" என்றார். "சிவப்புன்னு எல்லாரும் கேக்கத்தான படிச்சீங்க. வெள்ளன்னும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. தன் மானத்தத் தானே வாங்கிக்கறதுக்கு எவனும் பொய் சொல்ல மாட்டான். அப்ப நம்பறேன்."

வெள்ளிக்கிழமை போனேன். பழைய முகங்களில் இருபதுக்கு மேல் இருந்தன. தலைவிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் அப்படியே. எழுந்து நின்றேன். "அப்போ பட்டியல் போடறதுல ஒரு சின்னக் குழப்பம் நடந்துடுச்சு…" என்று ஆரம்பித்தேன்.

"சார்" என்றார் இட்லிக் கடைக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இங்க கிரைண்டர் ஓடல. முழுசா சொல்லுங்க."

முழுவதும் சொன்னேன். குழப்பம் இல்லை, தெரிந்தே மாற்றினேன் என்று சொன்னேன். விட்டுக் கொடுக்க ஒருவர் எழுந்து நின்றபோதும் தடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

முதலில் தலைவிதான் பேசினார். "பிரிக்காம குடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்! படிச்ச மனுஷன், அம்மன் காலடிப் பூவுல கை வெக்கலாமா? எங்க வூட்டு ஆளா இருந்தா வெளக்குமாத்தாலயே…" பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டிருந்தார். "அப்ப இத்தினி வருஷமா நான் தூங்கினது உன் தூக்கமாக்கா?"

"போடீ, தூக்கம் இன்னா சேலையா, மாத்திக் கட்டிக்கறதுக்கு" என்றார் அவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"சரி, ஆனது ஆச்சு. இப்பவே மறுபடி பூ கட்டிப் போட்டுப் பாத்துடலாம்" என்றார் தலைவி.

"வேணாங்கா. எனக்கு வந்துடுச்சு. வந்து பதினாலு வருஷம் ஆவுது" என்றார் அவர். பிறகு, கூட்டத்தில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "நாளைக்கு எத்தினி மணிக்கு சார் வரணும்?"

மறுநாள் ஏழு மணிக்குப் பாயோடு வந்தார். கட்டடத்தில் நாங்கள் இருவர்தான், வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் கீரை ஆய்ந்துகொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைக் காவல் காக்கத்தான். அது நியாயம்தான். பாயை விரித்தவர் படுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் தூங்கினது தப்பா?"

முப்பது வருடப் படிப்பில், சந்தேகமில்லாமல் பதில் தெரிந்த கேள்வி எனக்கு வந்ததே கிடையாது. இது வந்தது. பதினோரு நாள் கண் மூடாத உடம்பு, அதற்குத் தூங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

"தப்பு இல்லம்மா."

"இது நெசமா, இல்ல நான் தூங்கணும்னு சொல்றீங்களா?"

"நெசம்தான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் கொடுத்த நோட்டைக் கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதைத் தாங்க வேண்டியவன்தான் நான். என் வாழ்க்கையில் சொன்ன மிக உண்மையான சொல் அது, அதற்கு மதிப்பில்லாமல் செய்தவனும் நானே.

"செரி, எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

கண்ணை மூடச் சொன்னேன். மூடவில்லை. கண்ணைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தார். நான் எண்ண ஆரம்பித்தேன்.